விழுந்த லென்ஸைச் சரி செய்யலாமா, வேறு வாங்கலாமா?

ஈரோட்டுப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. மண்டபத்தில் ஸ்ட்ராப் கழன்று, கேமராவும் அதில் மாட்டியிருந்த கேனன் 24-105 எஃப்/4 எல் லென்ஸும் சேர்ந்து கிரானைட் தரையில் விழுந்துவிட்டன. யூவி ஃபில்டர் நொறுங்கிவிட்டது. ஜூம் வளையம் 70 மி.மீ. பக்கம் வரும்போது இறுக்கிப் பிடிக்கிறது. படம் மட்டும் கேமரா திரையில் நன்றாகத்தான் தெரிகிறது. சர்வீசில் 14,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள், அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் 24,000க்குக் கிடைக்கிறது. "சரி செய்யவா, விட்டுவிட்டு வேறு வாங்கவா அண்ணா?" என்கிறார்.

தம்பி, விலைக் கணக்கைக் கடைசியில் பார்க்கலாம். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது, படம் திரையில் நன்றாகத் தெரிகிறது என்ற வரிதான். மூன்று அங்குலத் திரையில் எந்த லென்ஸில் எடுத்த படமும் நன்றாகத்தான் தெரியும். விழுந்த லென்ஸில் கண்ணுக்குத் தெரிகிற சேதம் ஒன்றாகவும் உண்மையான சேதம் வேறாகவும் இருப்பது சர்வ சாதாரணம். ஃபில்டர் தூளாகி, முன்வளையம் நசுங்கி, பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிற லென்ஸ் ஓரம் வரை ஊசி போலப் படம் எடுக்கும். ஒரு கீறல்கூட இல்லாத லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி இம்மியளவு சாய்ந்து போய், படத்தின் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும்.

இது எனக்கே நடந்தது. பல வருடங்களுக்கு முன் என் ஜூம் லென்ஸ் பையோடு சேர்ந்து ஒரு படிக்கட்டில் உருண்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஆட்டோஃபோகஸ் வேலை செய்தது, நானும் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போதுதான் பார்த்தேன், மங்கலான மண்டப வெளிச்சத்தில் எஃப்/4இல், அதாவது லென்ஸின் துளை அகலத் திறந்திருக்கும்போது, எடுத்த குரூப் போட்டோ ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தில் நிற்பவர்கள் மங்கலாக இருந்தார்கள். ஒரு படத்தில் அந்த ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது பெண்ணின் பாட்டி. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கேட்டார்கள். என்ன செய்தும் அந்த முகத்தைத் தெளிவாக்க முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் லென்ஸ் 2005இல் வந்த முதல் மாடலாக இருந்தால் அதற்குள் 13 தொகுதிகளாக 18 கண்ணாடிகள் இருக்கின்றன. அத்தனையின் மையமும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஏதாவது ஒரு தொகுதி பக்கவாட்டில் நகர்ந்தாலோ சாய்ந்தாலோ படத்தின் ஒரு பக்கம் கெடும். டீசென்டரிங் என்று சொல்வது இதைத்தான். லென்ஸ் தனியாக விழுவதைவிட கேமராவோடு விழுவது மோசம், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து சுமார் ஒன்றரைக் கிலோ. லென்ஸின் மூக்கு தரையில் மோதும்போது அந்த முழு எடையும் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி, லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் வளையமான மவுண்டில் வந்து இறங்கும்.

சோதிப்பதற்கு முன்னால் அந்த உடைந்த ஃபில்டரைக் கவனியுங்கள். லென்ஸின் முகம் தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள், அப்போதுதான் சில்லுகள் கீழே உதிரும், முன்கண்ணாடி மேல் உராயாது. துணி போட்டுத் துடைக்கவே கூடாது. ரப்பர் ப்ளோயரால் மட்டும் ஊதுங்கள். வளையம் நெளிந்து வர மறுத்தால் பலம் காட்ட வேண்டாம், அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றிப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் ரிப்பேர்காரரிடம் விட்டுவிடுங்கள், வளையத்தில் ஒரு வெட்டுப் போட்டுக் கழற்றிவிடுவார். முன்கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் பதற வேண்டாம். எதிர்வெளிச்சத்தில் கொஞ்சம் பூத்த மாதிரி தெரியலாம், மற்றபடி படத்தில் கண்டுபிடிப்பதே கஷ்டம். பின்கண்ணாடியில் கீறல் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது சோதனை. செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார் என்று பலர் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன், கேமரா சுவருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பியிருந்தாலே ஒரு பக்கம் மங்கிவிடும், லென்ஸ் மேல் வீண்பழி விழும். மொட்டை மாடிக்குப் போங்கள். தூரத்தில் தென்னந்தோப்போ, அபார்ட்மென்ட் வரிசையோ, செல்போன் டவரோ அடிவானத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரிகிற இடமாகப் பாருங்கள். ட்ரைபாடில் மாட்டி, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் ஸ்விட்சை அணைத்து, 24 மி.மீ., எஃப்/4 வைத்து, லைவ் வியூவில், அதாவது பின்திரையில் காட்சியைப் பார்த்தபடி, நடுவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, அடிவானம் படத்தின் குறுக்கே நடுவில் வருமாறு ஒரு படம் எடுங்கள். 50 மி.மீ.யிலும் ஒன்று. 70ஐத் தாண்ட வேண்டாம், இறுக்கிப் பிடிக்கிற ஜூமைத் திருகித் திருகித்தான் பலர் சின்னச் சேதத்தைப் பெரிதாக்குகிறார்கள்.

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு 100 சதவீதத்தில் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் சுபாவம், விழுந்ததால் வந்தது இல்லை. இடது பக்கம் தென்னங்கீற்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்து வலது பக்கம் பச்சைக் குழம்பாக இருந்தால்தான் பிரச்சினை. சந்தேகம் வந்தால் கேமராவைத் தலைகீழாக மாட்டி அதே காட்சியை இன்னொரு முறை எடுங்கள். இந்தப் படத்தைத் திருப்பாமல் அப்படியே பார்க்க வேண்டும். மங்கல் ஃபிரேமின் அதே பக்கத்தில் நின்றால் குற்றம் லென்ஸிலோ கேமரா பாடியிலோ இருக்கிறது, அந்த மரத்தோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டால் அந்த மரம்தான் காரணம். லென்ஸா பாடியா என்று தெரிய, வேறு ஒரு லென்ஸை அதே பாடியில் மாட்டி இதையே செய்தால் போதும். பாடியின் மவுண்டும் நெளிந்திருக்கலாம், லென்ஸ் மேலேயே கவனம் இருப்பதால் பலர் அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இதே லென்ஸில் விழுவதற்கு முன் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்குமே, அவற்றில் 24 மி.மீ. எஃப்/4இல் எடுத்த இரண்டு மூன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த லென்ஸும் நூறு சதவீதம் நேராக இருக்காது, புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததிலேயே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும். உங்கள் லென்ஸ் முன்பு எப்படி இருந்தது என்பதுதான் சரியான அளவுகோல்.

ஒரு பக்கம் மங்கல் என்று உறுதியானால் இன்னொரு சோதனை, முடிவை மாற்றப்போவது இதுதான். லைவ் வியூவில் அந்த மங்கலான ஓரத்துக்கே ஃபோகஸ் பெட்டியை நகர்த்திப் பெரிதாக்கி, அங்கே ஃபோகஸ் செய்து பாருங்கள். அங்கே கூர்மை வந்து எதிர்ப்பக்கம் மங்கினால் ஃபோகஸ் தளம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மவுண்டோ லென்ஸின் குழலோ நெளிந்ததால் வருவது, சரி செய்யக்கூடியது. ஃபோகஸ் வளையத்தை எப்படித் திருப்பினாலும் அந்த ஓரம் கூர்மையாகவே மாட்டேன் என்றால் உள்ளே ஏதோ கண்ணாடி மையத்தை விட்டு நகர்ந்திருக்க அதிக வாய்ப்பு. அது கஷ்டமான வேலை.

மீதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். எஃப்/4இல் ஒரு படம், எஃப்/8இல் ஒன்று, எஃப்/16இல் ஒன்று. எஃப்/4இல் ஒழுங்காக எடுத்து, மற்றவற்றில் கேமரா திரையில் எர்ர் 01 என்று பிழைச் செய்தி வந்தால், துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சருக்குப் போகும் ரிப்பன் கேபிளில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். இந்த லென்ஸில் ஜூம் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேபிள் மடங்கி விரிவதால், விழாமலே வயதானால் அறுந்துபோகும். விழுந்து ஜூமும் இறுகியிருக்கிறது என்றால் அதையும் மறக்காமல் பார்க்கச் சொல்ல வேண்டும். ஐஎஸ் போட்டு, ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் பாருங்கள், காட்சி ஒரு நொடியில் மிதந்து நிற்க வேண்டும், துள்ளினாலோ உதறினாலோ ஐஎஸ் யூனிட்டுக்கும் அடி. ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஃபுஜிஃபில்ம் 90 எஃப்/2 போன்ற சில லென்ஸ்கள் கேமராவை அணைத்திருக்கும்போது புதிதாக இருந்தாலும் அப்படித்தான் சத்தம் போடும். உங்கள் லென்ஸில் முன்பு இல்லாத சத்தம் இப்போது வந்தால்தான் விஷயம்.

சரி, ஜூம் ஏன் இறுகுகிறது? ஜூம் வளையத்தைத் திருப்பும்போது உள்குழல் ஏறி இறங்குவது, சாய்வாக வெட்டிய தடங்களில் சின்ன உருளைகள் ஓடுவதால். விழுந்த வேகத்தில் ஒரு உருளை நசுங்கும், அல்லது தடத்தின் விளிம்பு பிதுங்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் பிடிக்கும். 70இல் மட்டும் பிடித்து மற்ற இடங்களில் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் சேதம் ஓரிடத்தில் இருக்கிறது, அது நல்ல செய்தி. உருளையை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அதே உருளைகள்தான் கண்ணாடித் தொகுதியையும் தாங்கிப் பிடித்திருக்கின்றன, ஆகவே மாற்றிய பிறகு மறுபடி அலைன்மென்ட், அதாவது கண்ணாடிகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று, பார்த்தே ஆக வேண்டும். ஜூம் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று வாங்கி வந்துவிடாதீர்கள்.

எங்கே கொடுப்பது என்பதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏமாற்றுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருமுறை என் லென்ஸில் மவுண்ட் திருகுகள் பிய்ந்து வந்தபோது ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கைத்திறமை உள்ள மனிதர், அழகாகச் செய்து கொடுத்தார், செலவும் குறைவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் 24இல் ஃபோகஸ் சரியாக இருக்கிறது, அப்படியே ஜூம் செய்தால் ஃபோகஸ் விலகிவிடுகிறது, முன்பு அப்படி இல்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, மேசை இழுப்பறையிலிருந்து தகடு ஒன்றை எடுத்துக் காட்டினார். பித்தளை நிறத்தில், வளையல் மாதிரி வட்டமாக, ஊதினால் பறக்கிற அளவு மெல்லியது. மவுண்டுக்கு அடியில் இருந்ததாம், கூடுதலாக இருக்கிறது என்று நினைத்து வைத்துவிட்டாராம். அதற்குப் பெயர் ஷிம். கேனனின் இஎஃப் மவுண்டின் முகத்திலிருந்து சென்சார் வரை 44 மி.மீ. என்று கணக்கு, அந்தக் கணக்குக்கு லென்ஸைக் கொண்டுவர ஒவ்வொரு லென்ஸுக்கும் தொழிற்சாலையில் வேறு வேறு கனத்தில் ஷிம் போடுவார்கள். ஒரு தலைமுடியின் கனம் மாறினாலே எஃப்/2.8இல் படத்தில் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு விலகினால் ஆட்டோஃபோகஸ் ஓரளவு சமாளித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் விலகினால் எந்த ஆட்டோஃபோகஸாலும் சமாளிக்க முடியாது.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த 14,000இல் ஆப்டிகல் அலைன்மென்ட் சேர்த்தியா? முடிந்த பிறகு நான்கு மூலையும் தெரிகிற மாதிரி டெஸ்ட் படம் தருவீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். "அதெல்லாம் செக் பண்ணித்தான் தருவோம்" என்று பொதுவாகச் சொன்னால் எஸ்டிமேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்த பிறகு தொகை ஏறினால் நம்மைக் கேட்காமல் வேலையைத் தொடக் கூடாது என்பதையும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள். வாரண்டி இருந்தாலும் கீழே விழுந்ததற்கு வராது. ஸ்டூடியோ பெயரில் ஆல் ரிஸ்க் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தால் மட்டும், எதையும் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இனி பணம். எல்லோரும் ரிப்பேர் செலவைப் புது லென்ஸ் விலையோடு ஒப்பிடுகிறார்கள், அது தப்பு. நீங்கள் செகண்ட் ஹேண்ட் விலையோடு ஒப்பிட்டது சரி, அதிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. விழுந்த லென்ஸுக்கும் ஒரு விலை உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லி, பாகங்களுக்காக வாங்குகிறவரிடம் கொடுத்தால் ஒரு 6,000 கிடைக்கும் என்று வையுங்கள். அப்படியானால் மாற்றுவதற்கு உங்கள் கையிலிருந்து போவது 24,000 இல்லை, 18,000. ரிப்பேருக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 4,000. இது இரண்டு பக்கமும் பேசும் தொகை. செகண்ட் ஹேண்டில் வருவதும் எங்கேயோ விழுந்து எழுந்ததாக இருக்கலாம், அதன் அப்பர்ச்சர் கேபிளும் வயதானதுதான், உங்கள் லென்ஸின் வரலாறு உங்களுக்குத் தெரியும். மறுபக்கம், செகண்ட் ஹேண்ட் லென்ஸைப் பணம் கொடுப்பதற்கு முன்பே இதே அடிவானச் சோதனையைச் செய்து பார்த்து வாங்கலாம், ரிப்பேர் எப்படி வரும் என்று முன்கூட்டியே பார்க்க முடியாது.

நான் கடைப்பிடிக்கிற கணக்கு, ரிப்பேர் செலவு நல்ல செகண்ட் ஹேண்ட் விலையில் பாதிக்குள் இருந்தால் யோசிக்காமல் சரி செய்வேன், முக்காலுக்கு மேல் போனால் விட்டுவிடுவேன், நடுவில் என்றால் சோதனை சொல்கிறபடி. உங்களுடையது ஏறக்குறைய 58 சதவீதம், நடுவில் வந்து நிற்கிறது.

இந்தக் கணக்கு எல்லா லென்ஸுக்கும் இல்லை. 18-55 கிட் லென்ஸ், விலை குறைந்த 50 எஃப்/1.8 மாதிரியானவற்றுக்கு ரிப்பேர் என்ற பேச்சே வேண்டாம். என் 50 ஒருமுறை மேசையிலிருந்து விழுந்து முன்பாதி வேறு பின்பாதி வேறாகப் பிரிந்தது, அழுத்தியதும் டக்கென்று மாட்டிக்கொண்டது, எஃப்/8இல் நன்றாகவே எடுத்தது, எஃப்/1.8இல் ஒரு பக்கம் போயே போய்விட்டது. அதைச் சரி செய்யும் கூலியில் இன்னொன்று வாங்கிவிடலாம். 70-200 எஃப்/2.8 போன்றவை இதற்கு நேரெதிர், பாகம் கிடைக்கிற வரை சரி செய்வதே பெரும்பாலும் லாபம். தயாரிப்பு நின்று பல வருடம் ஆன லென்ஸ் என்றால் முதல் கேள்வியே பாகம் இருக்கிறதா என்பதுதான். உங்கள் லென்ஸின் இரண்டாம் மாடலே 2016இல் வந்துவிட்டது, முதல் மாடல் வைத்திருந்தால் எஸ்டிமேட் கொடுத்தவரிடம் பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று இன்றே போன் போட்டுக் கேளுங்கள். வேறு ஒரு பழைய லென்ஸிலிருந்து கழற்றிப் போடுவதாகச் சொன்னால் 14,000 கொடுக்காதீர்கள்.

சோதனையில் இரண்டு ஓரமும் சமமாக வந்து ஜூம் மட்டும்தான் தொந்தரவு என்றால் சரி செய்யுங்கள், அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த வெளி ஆளிடம் 14,000க்குக் குறைவாகவும் முடியலாம். ஒரு பக்கம் மங்கி, அங்கே ஃபோகஸ் செய்தால் தெளிகிறது என்றால் சர்வீசில் கொடுங்கள், அலைன்மென்ட் சேர்த்து 14,000 என்றால் அது நியாயமான தொகை. எப்படிச் செய்தும் ஒரு ஓரம் தெளியவில்லை என்றால் அந்தப் பணத்தை அதில் போட வேண்டாம். குறையைச் சொல்லி விற்றுவிட்டு, மாடியில் சோதித்துப் பார்த்து வேறு வாங்குங்கள். குறையை மறைத்து இன்னொரு தம்பியின் தலையில் கட்டிவிடாதீர்கள், அவரும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போவார்.

எந்த முடிவானாலும் அடுத்த முகூர்த்தத்துக்கு இந்த லென்ஸை நம்பிப் போக வேண்டாம். 24-70 ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். ரிப்பேராகி வந்தவுடன் அதே மாடி, அதே ட்ரைபாட், அதே தென்னந்தோப்பு, 24இலிருந்து 105 வரை எடுத்துப் பழைய படங்களோடு வைத்துப் பாருங்கள். சர்வீசுக்கு அனுப்பும்போது அந்த மங்கலான படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு, எந்த மி.மீ., எந்த அப்பர்ச்சர், ஃபிரேமின் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி லென்ஸோடு வையுங்கள். "விழுந்தது, ஜூம் டைட்" என்று மட்டும் எழுதினால் ஜூமை மட்டும்தான் பார்ப்பார்கள்.